தொழிலாளர் ஒலிம்பியாட் பற்றி எழுதப் போகிறீர்களா? இங்கெல்லாம் சறுக்கும்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய சர்வதேச விளையாட்டு விழாதான் தொழிலாளர் ஒலிம்பியாட். போன வாரம் ஒரு தம்பி அதைப் பற்றிய தன் கட்டுரையைப் பார்த்துத் தரச் சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்புகள், வரிசைகூட மாறவில்லை. எழுத்துப் பிழையெல்லாம் புரூஃப் பார்ப்பவர் பிடித்துவிடுவார், அவரையும் ஏமாற்றுகிறவை மட்டும் இங்கே.

எல்லாச் சிவப்புக் கொடியும் ஒன்று என்று நினைப்பது

இதுதான் எனக்குச் செலவு வைத்தது. ஒரு மே தின மலரில் 1928 மாஸ்கோ விழாவை 'இரண்டாவது தொழிலாளர் ஒலிம்பியாட்' என்று எழுதிவிட்டேன். 500 பிரதி அச்சாகி வந்த பிறகு, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் அப்போ மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்க, நீ ஒரே மேடையில ஏத்திட்டியே தம்பி" என்றார். திருத்தச் சீட்டை என் காசில் அடித்து, ராத்திரி முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். பாதிப் பிரதியில் பக்கங்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன.

விஷயம் இதுதான். 1920ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் சோஷலிஸ்டுகள் தொழிலாளர் விளையாட்டுக்கு ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள், அடுத்த வருஷமே மாஸ்கோவில் கம்யூனிஸ்டுகள் தனியாக ஒன்று. பிராங்க்பர்ட் 1925, வியன்னா 1931, ஆண்ட்வெர்ப் 1937 மூன்றும் முதல் கோஷ்டியின் ஒலிம்பியாட். மாஸ்கோவில் நடந்ததன் பெயர் ஸ்பார்டகியாட். ரோமை எதிர்த்து எழுந்த அடிமை ஸ்பார்டகஸின் பெயர் அது. 1931 ஜூலையில் வியன்னாவில் ஒலிம்பியாட் அமர்க்களப்பட, பெர்லினில் நடக்கவிருந்த ஸ்பார்டகியாடுக்குப் போலீஸ் தடை. 1933ல் ஜெர்மனியில் ஹிட்லரும் 1934ல் ஆஸ்திரியாவில் டோல்ஃபஸ் அரசும் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களை ஒழித்துக்கட்டிய பிறகுதான் இரு தரப்பும் இறங்கி வந்தன. ஆண்ட்வெர்ப்பில் சோவியத் வீரர்கள் களமிறங்கியது அப்படித்தான். அந்தச் சண்டையைச் சொல்லாமல் விட்டால், அவர்கள் அங்கே வந்தது ஏன் பெரிய சேதி என்று வாசகருக்கு எப்படிப் புரியும்?

பிராங்க்பர்ட்டை ஹிட்லர் எதிர்ப்பு விழாவாக்குவது

அவர் ஆட்சிக்கு வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது. அங்கே கேட்ட கோஷம் 'இனிப் போர் வேண்டாம்'. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடமில்லாத ஜெர்மானியர்கள்தான் அதை நடத்தினார்கள்.

பார்சிலோனா 1936

இது பெர்லின் ஒலிம்பிக்குக்கு எதிராகத் திட்டமிட்ட மக்கள் ஒலிம்பியாட். நடக்கவில்லை, பதக்கப் பட்டியல் தேடாதீர்கள். ஜூலை 19 தொடக்கம் என்று இருந்தது. முந்தின நாள் செல்லோ இசைக் கலைஞர் பாப்லோ காசல்ஸ் தொடக்க விழாவுக்காக பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், விடிந்தால் தெருவில் துப்பாக்கிச் சத்தம், ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. வந்த வீரர்களில் சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே ஆயுதம் எடுத்தார்கள்.

எண்ணிக்கை

ஊர்வலத்தில் நடந்தவர்களையும் போட்டியாளர் கணக்கில் சேர்க்காதீர்கள். தம்பியின் கட்டுரையில் வியன்னாவில் ஒரு லட்சம் பேர் ஓடுகிறார்கள்.