பிறேக் குழாய் கசிகிறதா? ஸ்பனரைக் கீழே வையுங்கள்

கடற்காற்றின் உப்பு இரும்புக் குழாயை அரிப்பதால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பலர் தாமே புதிய பிறேக் குழாயைப் பூட்டிக்கொள்கிறார்கள். அது தவறன்று. ஆனால் அண்மையில் என்னிடம் வந்த மூன்று இளைஞர்களும் நான் செய்த அதே பிழையைச் செய்திருந்தார்கள். நட்டைக் கோக்காமல் குழாயின் வாயை விரிப்பது போன்ற சறுக்கல்களை இங்கே எழுதவில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார்.

கசியும் நட்டை மேலும் இறுக்குதல்

பெடலை அழுத்தியதும் நட்டின் ஓரத்தில் ஒரு துளி அரும்பும். கை தானாக ஸ்பனரைத் தேடும். பிறேக் ஒயிலைத் தடுத்து நிறுத்துவது நட்டின் மரை (திருகுப் புரி) அன்று. குழாயின் விரிந்த வாய், சக்கரத்தின் பிறேக் சிலிண்டருக்குள் அந்த வாய்க்கென உள்ள இருக்கையில் அழுந்தி அமர்வதால்தான் கசிவு நிற்கிறது; நட்டு அந்த வாயைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் வாய் இரண்டு மடிப்பாக 45 பாகையில் விரிந்திருக்கும். ஐரோப்பிய வாகனங்களில் பெரும்பாலும் குமிழாக உருண்டிருக்கும். இரண்டிலும் 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்ட மரை பரவலாக இருப்பதால், மாறிப்போன குழாயும் விரலாலேயே சுகமாக ஏறிவிடும். ஏமாற்றுவது இந்தச் சுகந்தான்.

என் பழைய ஜப்பானிய டொல்பின் வானின் பின்சக்கரத்தில் குமிழ் வாய்க் குழாயைப் பூட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். மாலைக்குள் நட்டின் முகங்கள் மழுங்கின. குறட்டால் பிடித்துத் திருகியபோது சிலிண்டரின் மரை உரிந்து, உலோகச் சுருள்கள் உள்ளங்கையில் விழுந்தன. பத்து நிமிடத்தில் வாயை வெட்டித் திரும்ப விரித்திருக்கலாம். அதற்குப் பதிலாகப் புதிய சிலிண்டரும் குழாயும் வாங்கினேன். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

புதிய வாய் படிய, நட்டை ஒருமுறை தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பார்க்கலாம். அதன் பிறகும் ஈரம் வந்தால் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். நன்றாக அமர்ந்த வாயில் மினுங்கும் வளையம் ஒன்று அறுபடாமல் முழுச் சுற்றாகத் தெரியும். ஓரிடத்தில் அறுந்திருந்தால் வாய் கோணல். மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், குழாயை நேராக வெட்டாததோ பிசிறை அகற்றாததோ காரணமாக இருக்கலாம். இருக்கையே வடுப்பட்டிருந்தால், எந்த வாயும் அதில் நிற்காது.

மரையில் வெள்ளை நாடா

அது தண்ணீர்க் குழாய்க்கு.

பழைய செப்பு வாஷர்

ஒருமுறை நசுங்கியதை மீண்டும் போடாதீர்கள்.

திறந்து கிடந்த பிறேக் ஒயில்

இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகை பிறேக் ஒயிலுக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ், 3.7 சதவீத நீர் ஏறிய பின் 140 மட்டுமே. திருகோணமலையின் ஈரக்காற்றில் மூடியின்றி வைத்திருந்த போத்தலை நான் தொடுவதில்லை.

மெதுவாக மிதித்துப் பார்த்துத் திருப்திப்படுதல்

காற்றை முழுவதும் வெளியேற்றிய பின், இணைப்பைத் துடைத்து உலர்ந்த டிஷூத் தாளைச் சுற்றுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு, ஒருவரைப் பெடலைப் பலமாக அழுத்தி அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும், வண்டி முற்றத்தை விட்டு வெளியேறக்கூடாது.