கைடுல இல்லாத போர்ட்டு
ஒரு கிளையன்ட் ஆபீஸ்ல அக்கவுன்டிங் சாஃப்ட்வேர் போடுற வேலை, ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குக் காவல்) ரொம்ப டைட்டு, கேக்காத போர்ட்டு (கனெக்ட் ஆகுற நம்பர் போட்ட வாசல்) எதுவும் திறக்க மாட்டாங்க. வெண்டர் குடுத்த கைடுல டிசிபி 1433 மட்டும் போதும்னு இருந்துச்சு, அதைத் திறந்தும் டேட்டாபேஸ் சர்வரையே கண்டுபிடிக்க முடியலன்னு எரர் 26. சப்போர்ட்டுக்கு போன் போட்டா "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிப் பாருங்க சார்"னாங்க, அங்க போய் அதைச் சொன்னா நம்மளத்தான் ஆஃப் பண்ணுவாங்க!

ஃபயர்வால் லாக்ல பாத்தா யூடிபி 1434 டிராப் ஆகுது. விஷயம் என்னன்னா வெண்டர் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வரை நேம்டு இன்ஸ்டன்ஸா, அதாவது தனிப் பேரு வச்சுப் போட்டிருக்காங்க, அது வழக்கமா 1433ல உக்காராது, டைனமிக்கா ஒரு போர்ட்டை எடுத்துக்கும், அது எதுன்னு கேக்கத்தான் கிளையன்ட் 1434க்குப் போகுது. 1434ஐ திறந்ததும் நெட்ஸ்டாட்ல (கனெக்‌ஷன்களைக் காட்டுற கமாண்டு) அந்த டைனமிக் போர்ட்டு, 49 ஆயிரத்துச் சொச்சம், பதில் வராம சின்-சென்ட்லயே தொங்குது.

எஸ்கியூஎல் சர்வரோட கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல ஐபி-ஆல் பகுதில டைனமிக் போர்ட்டை காலி பண்ணிட்டு 14330ன்னு ஃபிக்ஸ் பண்ணி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணி, ஃபயர்வால்ல அந்த ஒரு போர்ட்டைத் திறக்க வச்சேன். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல (சாஃப்ட்வேர் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற வரி) சர்வர் பேருக்கு அப்புறம் கமா போட்டு அதே நம்பர், உடனே கனெக்ட் ஆயிடுச்சு. இப்ப 1433, 1434 ரெண்டையும் மூடியாச்சு.