ஆல்டர் சிலுவை செய்யக் கொடுக்குமுன்

கிறிஸ்தவக் கோயிலைப் புதுப்பிக்கும் வேலை முடியப்போகிற நேரத்தில்தான் இது நடக்கும். தரை கிரானைட் ஆகியிருக்கும், ஃபால்ஸ் சீலிங் வந்திருக்கும். கமிட்டியில் ஒருவர், “ஆல்டர் சிலுவையையும் மாடர்னா ஒண்ணு செஞ்சிருவோமே” என்பார். ஆல்டர் என்பது பீடம், அதற்கு மேலே சுவரில் மாட்டும் சிலுவையைச் சொல்கிறார். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

நான் இருந்த கமிட்டியிலும் அப்படித்தான். நல்ல சிற்பி ஒருவரைப் பிடித்தோம். படம் போனில் வந்தது. ஐந்தடி உயரம், நுனிக்குப் போகப் போக மெலிகிற கைகள், பளபளக்கும் ஸ்டீல். போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து எல்லோரும் சரி என்றோம். பிரதிஷ்டை முடிந்து வெளியே வரும்போது கடைசிப் பெஞ்சுப் பாட்டி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். “என்னய்யா, ஃபேன் றெக்கையைக் கழத்திச் சுவத்துல மாட்டிருக்கிய?”

சிற்பியைக் குற்றம் சொல்ல முடியாது. சுவர் வெள்ளை என்றோ, ஆல்டருக்கு மேலே கிழக்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல் இருக்கிறது என்றோ அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கோயிலைப் பார்க்கவே இல்லை. நாங்களும் படத்தைத்தான் பார்த்தோம், சுவரைப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துப் பழைய கோயில்கள் பலவற்றில் ஆல்டர் கிழக்கே இருக்கும். காலை ஆராதனை நேரத்தில் வெயில் நேராகச் சபையின் கண்ணுக்கு வரும். வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கிற எதுவும் கறுப்பாகத்தான் தெரியும், மெல்லிய பாகங்களை அந்த வெளிச்சமே தின்றுவிடும். சாயங்கால ஆராதனையில் கதை வேறு: பளபளப்பான ஸ்டீலில் டியூப்லைட்டுதான் கோடு கோடாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை. தெர்மோகோலில் முழு அளவுக்கு வெட்டி, உலோகத்தின் நிறத்தைப் பூசி, ஒரு ஞாயிறு முழுக்கத் தொங்கவிடுங்கள். கடைசிப் பெஞ்சு, தூணோரம், பாடகர் குழு, தரையில் பிள்ளைகள் உட்காரும் இடம் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பாருங்கள். நாற்பதடி தள்ளி இருப்பவருக்குக் கால் அங்குலச் செதுக்கல் வேலை வெறும் அழுக்குப் போலத்தான் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம்.

அடுத்தது எடை. ஆறடி உயரம், மூன்றரை அடி கை, நான்கு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் என்று கெட்டிப் பித்தளையில் வார்த்தால் ஏறக்குறைய 60 கிலோ வரும். அதே அளவை 2 மில்லிமீட்டர் தகட்டில் உள்ளீடில்லாத கூடாகச் செய்தால் 12 கிலோ. தேக்கில் செய்தால் ஐந்து கிலோகூட வராது. கீழிருந்து பார்ப்பவருக்குக் கெட்டியும் கூடும் ஒன்றுதான். ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்கு அப்படியல்ல. காரையில் சாதாரண போல்ட் பிடிக்காது, இன்று நின்றாலும் நாளைக்கு இளகும். பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வதற்குக் கமிட்டிக் கூட்டம் தேவையில்லை.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது உப்புக் காற்றுக்குத் தெரியாது. கடைக்காரர் 304 என்று கொடுக்கும் ரகத்தில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போலப் புள்ளி விழலாம். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பித்தளையில் இரும்புத் திருகாணி போட்டால் திருகாணிதான் முதலில் அரிக்கும். அப்புறம் சிலுவையே கீழே வரும்.

நவீனம் என்றவுடன் செய்கிற இன்னொரு தவறு, தெரிந்த அடையாளம் எல்லாவற்றையும் ஒரே சிலுவையில் ஏற்றுவது. புறா, கிண்ணம், கோதுமைக் கதிர், திராட்சை, போதாததற்குத் தாமரையும். தாமரை நமக்கு அந்நியமில்லை. சென்னைப் பரங்கிமலைத் தோமா சிலுவையில் இருக்கிறது, தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சின்னத்திலும் இருக்கிறது. அங்கே அது சிலுவையின் உருவத்தோடு ஒன்றாகிவிட்டது. நாம் செய்வது ஒட்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி பேராலயத்தின் பெரிய ஆல்டருக்கு ஜெஃப்ரி கிளார்க் என்ற சிற்பி செய்த சிலுவை இதற்கு நேர் எதிர். 1940 நவம்பர் குண்டுவீச்சில் எரிந்த பழைய கோயிலின் கூரையிலிருந்து கிடைத்த ஆணிகளால் ஆன சிறு சிலுவை அதன் நடுவில் இருக்கிறது. அது ஒன்றே போதுமாக இருந்தது. நம் ஊரில் இடித்த கோயிலின் உத்தரக் கட்டை எங்கே போகிறது? விறகுக்கு.

திருச்சபைக்குத் திருச்சபை முறை வேறு என்பதை வெளியூர்ச் சிற்பிக்குச் சொல்லாமல் விடுவதும் உண்டு. கத்தோலிக்கக் கோயிலில் பீடத்தின் மேலோ அருகிலோ, அறையுண்ட இயேசுவின் திருவுருவத்தோடு கூடிய சிலுவை இருக்க வேண்டும் என்பது திருப்பலி ஒழுங்கு. வெறும் சிலுவையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது அந்த இடத்தை நிரப்பாது. சி.எஸ்.ஐ. கோயில்களில் பெரும்பாலும் வெறும் சிலுவைதான், அதில் உருவம் வைத்தால் கேள்வி வரும். ஆயர் அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டுவதையும் கடைசிக்கு ஒத்திப்போடாதீர்கள். பிரான்சில் அஸ்ஸி என்ற மலையூர்க் கோயிலுக்கு ஜெர்மேன் ரிஷியே என்ற சிற்பி செய்த வெண்கலக் கிறிஸ்து, முகம் தெளிவாகத் தெரியாமல் சிலுவையோடு சிலுவையாக உருகி நிற்கும். 1950-இல் வைத்தார்கள், அடுத்த ஆண்டே ஆயர் எடுக்கச் சொல்லிவிட்டார். பல ஆண்டு கழித்துத்தான் அது திரும்பி வந்தது.

உபயதாரர் பெயரைச் சிலுவையிலேயே பொறிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பக்கச் சுவரில் ஒரு கல் போதும். நிறம் மாறும் சீரியல் லைட்டும் வேண்டாம். புரொஜெக்டர் திரை இறங்கினால் சிலுவை மறையுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

துடைப்பவரையும் கேட்க வேண்டும். கோயிற்பிள்ளை வாராவாரம் பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால், சிற்பி உளியால் விட்ட சொரசொரப்பு சில வருடங்களில் மழுங்கிப்போகும். எதால் துடைக்க வேண்டும், எதால் கூடாது என்று சிற்பியிடமே எழுதி வாங்கி, துணி வைக்கிற அலமாரியில் ஒட்டிவிடுங்கள்.

எங்கள் றெக்கைக்கு என்ன ஆயிற்று என்றால், சிற்பி ஒரு ஞாயிறு தன் செலவிலேயே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு உள்பக்கம் மங்கல் கண்ணாடி போடச் சொன்னார். சுவருக்கும் சிலுவைக்கும் நடுவே கறுத்த பனம்பலகைகளைச் சேர்த்து அடித்தார். அதன்பிறகு கைகள் இரண்டும் தெரிந்தன. பாட்டி அடுத்த வாரம் பார்த்துவிட்டு, “இப்ப சரி. இன்னும் ஒரு அடி கீழ எறக்கிருக்கலாம்” என்றாள். போன மாதம் இறக்கினோம்.