முன் சக்கரத்தில் உரசல் சத்தம்: பேரிங்கைக் கழற்றுவதற்கு முன்

போன வாரம், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. இடது முன் சக்கரத்தில் 'கர்ர்... கர்ர்...' என்று உரசல். வண்டி நின்ற மறு நிமிடமே, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான பையன் ஜாக்கியோடு வந்துவிட்டான். "அண்ணா, பேரிங் போய்விட்டது" என்றான். சக்கரத்தை இலகுவாகச் சுழலவிடும் பேரிங்கைத்தான் சொன்னான். அவன் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டி வந்தவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதில் பாதி அவன் மேல். மீதிப் பாதி, இருபது வருடத்துக்கு முன்னால் இதே குன்னூரில் இதே மாதிரி ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் மேல்.

ஜாக்கி ஏற்றும்போது மறு சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும், நட்டை முழுதாக முறுக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. சரிவில் பட்டறை வைத்திருக்கிற ஊரில் அதை மறப்பவர்களுக்கு எழுத்து உதவாது. வேலை தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

கேட்காமலே கழற்றுவது

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பிரேக் மிதித்தால் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? வளைவில் மட்டுமா, நேராகப் போகும்போதுமா? ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் மட்டுமா? பின்னால் எடுக்கும்போதும் இருக்கிறதா? சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவை உரசுகிறதா, விடாமல் உரசுகிறதா? இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மிதிக்கும்போது கரகரவென்றால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கையும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் பாருங்கள். மிதிக்காதபோது உரசி, மிதித்ததும் அடங்கினால் பேடு டிஸ்கை விட்டு விலகாமல் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் வந்தால் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பாருங்கள். கிளிப் கழன்று தொங்கி டயரில் பட்டுக்கொண்டிருக்கும். கம்பெனி சொன்ன அளவை விட்டுவிட்டு அகல டயர் மாட்டியவர்களுக்கு இது நிச்சயம். சமவெளியில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்க எத்தனை தடவை வாய்ப்பு வரும்? இங்கே கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு வரும்.

எந்தச் சக்கரம் என்று ஓட்டுநர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். சத்தம் தரைத் தகடு வழியாக ஓடி வரும்; வலது சக்கரத்தின் சத்தம் இடது பக்கம் கேட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மலைச் சாலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. கருங்கல் தடுப்புச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பத்து பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாருங்கள். சுவரில் பட்டு வரும் சத்தம் பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்து பேசுவது போல் தெளிவாகக் கேட்கும். திரும்பி வரும்போது மறு பக்கத்தைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காலைத் துருவுக்குச் செலவு செய்வது

இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியின் டிஸ்கில் மெல்லிய துரு படியும். முதல் மூன்று நான்கு பிரேக்கில் உரசும், பிறகு போய்விடும். அதற்கு மருந்து ஓட்டுவதுதான்.

எல்லாப் பழியையும் பேரிங் மேல் போடுவது

பேரிங் பெரும்பாலும் உரசாது, முனகும். 'ஊம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், வேகம் கூடக் கூடக் கூடும். வலது பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை இடது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது முனகல் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சமவெளிக்காரர்கள் இதைச் சோதிக்க வண்டியை இப்படியும் அப்படியும் அசைத்து ஓட்டுவார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, சாலையே அசைத்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால் மணலில் உருளுவது போல ஓர் அதிர்வு விரலில் தெரியும். தெரியாவிட்டால் பேரிங்கைத் தொடாதீர்கள். நன்றாக இருக்கும் பேரிங்கைக் கழற்றும்போதே கெடுத்துவிடலாம்.

போன வாரக் காருக்கு வருகிறேன். டிஸ்குக்குப் பின்னால் மெல்லிய தகரக் கவசம் ஒன்று உண்டு. அதற்கும் டிஸ்குக்கும் நடுவே புளியங்கொட்டை அளவு ஜல்லிக்கல் ஒன்று மாட்டியிருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடியும் பின்னால் எடுத்ததும் 'டிக்' என்று சிமெண்ட் தரையில் விழுந்தது. மழைக்குப் பிறகு சாலைப் பள்ளங்களை ஜல்லி கொட்டி மூடுகிற மாதங்களில் இது வாரத்துக்கு ஒன்று வரும். கல் விழாவிட்டால் கவசத்தின் ஓரத்தை விரலால் லேசாக டிஸ்கை விட்டு விலக்கினால் போதும்.

வெளிப்பக்கப் பேடைப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்பது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2005. பட்டறை தொடங்கி மூன்றாவது வருடம். கோத்தகிரியில் இருந்த ஓர் ஆசிரியை, வாரக் கடைசியில் மேட்டுப்பாளையத்திலுள்ள அம்மா வீட்டுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போய் வருவார். "தம்பி, முன்னால் ஏதோ சுரண்டுகிற மாதிரி கேட்கிறது" என்று கொண்டு வந்தார். நான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பேடில் ஆறு மில்லிமீட்டர் தாராளமாக இருந்தது. "பேடு நன்றாக இருக்கிறது டீச்சர், கல் ஏதாவது மாட்டியிருக்கும், தானாக விழுந்துவிடும்" என்றேன். போகிற போக்கில் பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. ஊற்றி நிரப்பினேன். அதற்குக் காசு வாங்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசி வந்தது. பிரேக் மிதித்தால் இரும்பை இரும்பால் இழைக்கும் சத்தம், பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது, வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டேன் என்றார். அந்த நிதானம் அவருக்கு இருந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்றும் பிடிக்காது.

போய்ச் சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப்பக்கப் பேடு நான் பார்த்த அதே ஆறு மில்லிமீட்டரோடு அப்பாவி போல் இருந்தது. உள்பக்கப் பேடில் லைனிங், அதாவது தேய்கிற பொருள், துளியும் இல்லை. முதுகுத் தகடு நேராக டிஸ்கை அறுத்திருந்தது. கிராமபோன் தட்டு மாதிரி வரி வரியாக, நகம் மாட்டுகிற ஆழத்துக்குப் பள்ளம்.

காரணம் எளிது. பேடுகளை டிஸ்கில் அழுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். அந்தக் காரில் இருந்த வகையில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கிறது. பிஸ்டன் உள்பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் பின் துருப்பிடித்து இறுகிவிடும். அதன் பிறகு காலிப்பர் வழுக்காது. வேலை பெரும்பாலும் உள்பேடின் தலையில் விழும். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெய்கிற மழைக்கு ரப்பர் உறையில் ஊசித் துளை இருந்தாலே போதும்.

அதோடு இது மலை. ஒரு டன் எடையுள்ள கார் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. இதை என் மகள் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலாம். என்ஜினும் காற்றும் உருளும் டயரும் வாங்கிக்கொண்டது போக மிச்சம் அத்தனையும் டிஸ்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்குகிறது. சமவெளியில் ஒரு வருடம் தாங்குகிற கோளாறு இங்கே ஒரு மாதம்கூடத் தாங்காது.

ஆயில் ஊற்றியதுதான் இரண்டாவது முட்டாள்தனம். பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் ஆயில் இறங்கும், டப்பாவில் அளவு குறையும். எங்கும் கசிவு இல்லாமல் அளவு மட்டும் குறைந்திருந்தால் பேடு தேய்ந்துவிட்டது என்று வண்டியே சொல்கிறது. நான் அதன் வாயை ஆயில் ஊற்றி அடைத்தேன். புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது, நான் ஊற்றிய அதே ஆயில் டப்பா நிரம்பி வழிந்து உள் மட்கார்டில் ஓடியது. பிரேக் ஆயில் பெயிண்டை உரிக்கும். இரண்டு டிஸ்க், இரு சக்கரத்துக்கும் பேடு, பின், ரப்பர் உறை, கொஞ்சம் பெயிண்ட் வேலை. எல்லாம் என் செலவு, ஏறத்தாழ அந்த மாதப் பட்டறை வாடகை. டீச்சர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.

இன்றைய பையன்கள் டார்ச்சுக்குப் பதில் கைபேசியை நீட்டி, வெளிப்பேடைப் படம் எடுத்து, வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடுகிறார்கள். தவறு அதேதான், இப்போது சாட்சியோடு நடக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டுப் பின்பக்கமிருந்து பாருங்கள். காலிப்பரின் முதுகில் இருக்கும் துளை வழியாகவும் உள்பேடு ஓரளவு தெரியும். உருப்படியான வழி, கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்குவது. பத்து நிமிட வேலை. இரண்டு பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைனிங் மூன்று மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். பல பேடுகளில் ஒரு சிறு எச்சரிக்கைத் தகடு இருக்கும். அந்த அளவை நெருங்கும்போது டிஸ்கில் பட்டுக் கீச்சென்று கத்தும். எல்லாப் பேடிலும் அது கிடையாது, அதனால் கீச்சொலி வரவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். கீச்சொலி கரகரப்பாக மாறிவிட்டால் டிஸ்குக்கும் சேர்த்துச் செலவு வந்துவிட்டது.

பேடை மாற்றிவிட்டுப் பின்னை விட்டுவிடுவது

உள்பேடு மட்டும் தேய்ந்திருந்தால் புதுப் பேடும் அதே வழியில்தான் போகும். இரண்டு பின்னையும் உருவி, துருவைத் துடைத்து, விரலால் தள்ளினால் வழுக்குகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது. இடம் மாற்றிப் போட்டால் திரும்பவும் இறுகும். பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸை இங்கே தடவாதீர்கள். ரப்பர் ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொள்ளும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகோன் கிரீஸ் வேண்டும். பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன்னால் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுங்கள். ஏன் என்று மேலே எழுதிவிட்டேன்.

டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியரால் அளக்கும்போது தேயாமல் நிற்கும் ஓர விளிம்பையும் சேர்த்துப் பிடித்தால் இல்லாத தடிமன் இருப்பதாகக் காட்டும்.

காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடுவது

கம்பியால் கட்டுங்கள்.

டிஸ்கில் எண்ணெய் அடிப்பது

சத்தம் நிற்கும். வண்டி நிற்காது.

சூட்டில் தண்ணீர் ஊற்றுவது

மேட்டுப்பாளையம் இறக்கத்தில் உள்ள பர்லியாறு பழக்கடைகளுக்கு எதிரில், புகைகிற சக்கரத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றும் சுற்றுலாப் பயணிகளை வருடம் முழுக்கப் பார்க்கலாம். டிஸ்க் கோணும், விரிசலும் விடும். அரை மணி நேரம் நிறுத்திவிட்டுப் பழம் சாப்பிடுங்கள்.

மாற்றிய அன்றே மலை இறங்குவது

புதுப் பேடு போட்டதும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலை நான்கைந்து முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். தள்ளி வைத்த பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் மிதி தரைவரை போகும். என் பட்டறை வாசல் சரிவில் இருக்கிறது, எதிரே தேநீர்க் கடை.

புதுப் பேடு டிஸ்கோடு படிவதற்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். அதுவரை லேசான உரசல் கேட்பது இயல்பு. அன்று மாலையே ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்கப் போகிறேன் என்பவரிடம் நான் சாவியைக் கொடுப்பதில்லை. அரவங்காடு வரை மிதமாகப் பிரேக் பிடித்துப் பிடித்துப் போய் வரச் சொல்வேன். வந்ததும் முன் சக்கரம் இரண்டிலும் நட்டுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்ப்பேன், தொட மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் வண்டி அன்று இரவு பட்டறையிலேயே கிடக்கும்.