புயலில் ஒடிந்த மரத்தை அடிக்கட்டையிலிருந்து மீட்டெடுப்பது

வீட்டு வேம்பு ஒடிந்து விழுந்தால், கட்டையையும் சேர்த்துத் தோண்டி விறகுக்குக் கொடுத்துவிடுகிறோம். ராமநாதபுரக் கரையோரத்தில் அது பெரிய இழப்பு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை மணலும் உவருமான மண்ணில் புதிதாக வைத்த கன்று இரண்டு கோடையைத் தாண்டுவதே பெரும்பாடு. ஒடிந்த மரத்தின் வேரோ நல்ல தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதை எப்போதோ கண்டுகொண்டது. அதில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைத் தின்றுதான் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் துளிர்க்கும்.

எல்லா மரமும் துளிர்க்காது. வேம்பு, பூவரசு, புங்கை, முருங்கை நன்றாக வரும். புளியும் வரும், ஆனால் கிழமரமானால் பட்டை தடித்து, மொட்டு வெளிவர நாளாகும், சிலசமயம் வராமலே போகும். தென்னைக்கும் பனைக்கும் குருத்து ஒன்றே. அது முறிந்தால் கட்டையில் ஒன்றும் முளைக்காது. சவுக்குக் கட்டையையும் நம்ப வேண்டாம், புதிதாக நடுங்கள். ஒட்டு மாவில் ஒட்டுக்குக் கீழே வருவது அடிக்கன்றின் துளிர். பழைய பழம் கிடைக்காது.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். அடியோடு சாய்ந்த மரத்தில் பாதி வேராவது மண்ணுக்குள் இருந்தால் முயலலாம். இங்கே கவனம் தேவை: சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்ப்பாகம் சட்டெனத் திரும்பிக் குழிக்குள் விழும். அந்தக் குழியில் ஆளோ பிள்ளைகளோ நிற்கக்கூடாது. மின்கம்பி பட்டிருந்தால் மின்வாரிய ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை மரத்தைத் தொடாதீர்கள்.

வெட்டு இரண்டு தடவையாக இருக்கட்டும். முதல் அறுப்பை இன்னும் மேலே உயரத்தில் போட்டுப் பாரத்தை இறக்கிவிட்டு, பிறகு தரையிலிருந்து 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் கூரான ரம்பத்தால் சுத்தமாக அறுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் தண்டு விழும்போது பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். பட்டை போனால் மொட்டும் போச்சு. உயரமாக விட்ட கட்டையில் உச்சியில் வரும் துளிர் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும், வளர்ந்தபின் காற்றில் பிய்ந்துவிடும். முருங்கைக்கு மட்டும் மூன்றடி விடலாம். மழைநீர் தேங்காதபடி வெட்டுமுகம் சரிவாக இருக்கட்டும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பரில் வந்த கஜாவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல்கள்தாம். வெட்டுக்காயம் ஈரத்திலேயே கிடக்கும், பூஞ்சை ஏறும். அதனால் போர்டோ பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, மூன்றாவது பிளாஸ்டிக் வாளியில் இரண்டையும் ஒருசேர ஊற்றிக் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. துரு ஏறாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே பூசி முடியுங்கள். பக்கப் பட்டையில் வழியவிட வேண்டாம், துளிர் வருவது அங்கேதான். தாரும் சிமென்டும் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு அழுகும்.

கடல்நீர் ஏறி நின்ற இடமானால், கட்டையைச் சுற்றி மூன்றடி தள்ளி வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரை நிரப்பி வடியவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் மணலில் உப்பு கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இலை இல்லாத கட்டை தண்ணீர் இழுக்காது. தினம் குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும். இந்தப் பக்கம் கட்டை சாவதற்கு இந்தப் பாசமும் ஒரு காரணம். யூரியாவும் இப்போது வேண்டாம். தென்னை மட்டை, பனையோலை கொண்டு மூடாக்குப் போடலாம், கட்டையை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. கரையில் ஒதுங்கும் பாசியை அலசாமல் போட்டால் உப்பைக் கொண்டுவந்து கொட்டுவதாகும்.

பொதுவாக 4 முதல் 8 வாரத்தில் துளிர் தெரியும். கட்டையைச் சுற்றிக் கொத்தாகக் கிளம்பும். அழகாக இருக்கிறதென்று அத்தனையையும் விட்டால் ஒன்றும் மரமாகாது, புதராகும். ஒரு முழம் உயர்ந்ததும் மூன்று நான்கை மட்டும் வைத்து மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். முழுதும் ஒரே தடவையில் ஒன்றாகக் குறைக்கவும் கூடாது, ஆடோ காற்றோ அந்த ஒன்றைக் கொண்டுபோனால் கதை முடிந்தது. ஓராண்டு கழித்து ஒன்றோ இரண்டோ போதும். எதை வைப்பது? தாழ்வாக, தரையை ஒட்டி, அடி தடித்து வந்ததை. காற்றை எதிர்கொள்ளும் பக்கத்துத் துளிர் நல்லது. காற்று அதைக் கட்டையோடு அழுத்தும். மறுபக்கத்துத் துளிரைக் காற்று கட்டையிலிருந்து பிரித்து இழுக்கும். மண்டபத்திலும் ராமேசுவரம் தீவிலும் மார்கழியில் வாடையும் ஆனி ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி அடிப்பதால், முளைக்குச்சி நட்டுக் கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய கயிறு பட்டையை அறுத்துவிடும். மாதம் ஒருமுறை தளர்த்துங்கள்.

ஆடு ஒரு தடவை மேய்ந்தால் கட்டை மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று தடவை மேய்ந்தால் சேமிப்புத் தீர்ந்து சாகும். அதனால் துளிர் வருமுன்பே கருவை முள் வெட்டி வட்டமாக அடைத்துவிடுங்கள். கரையான் மண்பூச்சு ஏறினால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள்.

இலை கருகினால் பதறாதீர்கள், எங்கிருந்து கருகுகிறது என்று பாருங்கள். கடல் பார்த்த பக்கத்தில் இலையோரம் காய்ந்தால் உப்புக்காற்று. நல்ல தண்ணீரால் இலையைக் கழுவினால் போதும். வேம்பில் நுனி கருகி, குச்சியும் பழுப்பாகிக் கீழே இறங்கினால் அது நுனிக்கருகல் நோய். பச்சைப் பகுதியில் ஒரு சாண் இறங்கி வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள்.

கோடையில் துளிர் இடுப்புயரம் வந்ததும் வாரம் இரண்டு குடம் போதும், கட்டையடியில் அல்ல, மூன்றடி தள்ளி. பங்குனி முடிந்தும் துளிரில்லையானால் மறுபடி பட்டையைக் கீறுங்கள். பச்சை இருந்தால் இன்னொரு மழைவரை விடுங்கள். காய்ந்து பழுப்பேறியிருந்தால் கட்டை போய்விட்டது. அப்படியும் நேரலாம் என்பதால், பூவரசு, முருங்கை விழுந்த அன்றே நல்ல கிளையில் நாலைந்தடிப் போத்து நறுக்கி, அடிமுனை கீழாக ஓரடி ஆழத்தில் மழை ஈரத்திலேயே பக்கத்தில் ஊன்றி வையுங்கள்.