டர்பன் கோடைக்கு வீட்டிலேயே அன்னாசி ஜிஞ்சர் பீர் செய்யும் முறை

தீபாவளி கழிந்ததும் டர்பனில் வெயிலோடு புழுக்கமும் ஏறத் தொடங்கும். உறவினர் வருகை ஓயாத கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், தென்னாப்பிரிக்காவில் எல்லாச் சமூகத்தாரும் வீட்டில் செய்து வைக்கும் பானம் ஜிஞ்சர் பீர். ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோர் இதை ஹெம்மர்பீர் என்றும், சோத்தோ பேசுவோர் ஹெமெரே என்றும் அழைக்கிறார்கள். பெயரில் பீர் இருந்தாலும், இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ந்து ஓரிரவில் நுரைத்து வரும் குளிர்பானமே இது.

புதிதாக இங்கு வந்தவர்கள் கடையில் பெயர் சொல்லிக் கேட்கும்போது சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கலர் என்றும் யாழ்ப்பாணத்தில் சோடா என்றும் சொல்லப்படும் இனிப்புப் பானங்கள் அனைத்துக்கும் இந்நாட்டில் கூல்டிரிங்க் என்பதே பொதுப்பெயர். சோடா என்று கேட்டால் இனிப்பில்லாத சோடாத் தண்ணீரைத்தான் தருவார்கள். கிரீம் சோடா என்றால் பச்சை நிறத்து ஸ்பார்லெட்டாவும், ஜிஞ்சர் பீர் என்றால் பெரும்பாலும் ஸ்டோனியும் கைக்கு வரும். ஸ்டோனி காரமான, நல்ல பானம்தான்; ஆனால் பழத்தின் மணமும் புளிப்பும் வீட்டுப் பானத்தில்தான் கிடைக்கும். மேலும், 2018 ஏப்ரல் முதல் நாளில், 100 மில்லிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரைக்கு இந்நாட்டு அரசு வரி விதித்த பிறகு, செயற்கை இனிப்பூட்டி கலந்த பானங்கள் கடைகளில் பெருகிவிட்டன. அந்தச் சுவை பிடிக்காதவர்களுக்கு வீட்டில் செய்வதே சிறந்த வழி.

ஐந்து லிட்டர் பானத்துக்கு அரைக் கிலோ பழுப்புச் சர்க்கரை, 50 கிராம் இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி சுக்குப் பொடி, நடுத்தர அன்னாசி ஒன்று, எலுமிச்சை இரண்டு, ஒரு கைப்பிடி உலர் திராட்சை, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆகியவை போதும். பலர் பத்து கிராம் ஈஸ்ட் பொட்டலம் முழுவதையும் கொட்டுகிறார்கள்; பானம் விரைவில் பொங்கும் என்றாலும் ரொட்டி மாவின் வாடை அடிக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுக்கு தொண்டைக்குக் காரத்தையும் இஞ்சி மூக்குக்கு மணத்தையும் தருவதால் இரண்டும் தேவை. அன்னாசியில், நாட்டின் வடகிழக்கே ஹ்லுஹ்லுவே பகுதியில் விளையும் குயின் வகை சிறியதாக இருந்தாலும் மிகுந்த மணமுள்ளது.

இஞ்சியைத் தட்டி, சுக்கு, சர்க்கரையோடு ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, பெரிய பாத்திரத்தில் ஊற்றி, நான்கு லிட்டர் குளிர்ந்த தண்ணீரைச் சேருங்கள். சூடான நீரில் ஈஸ்ட் செத்துவிடும். எனவே விரல் விட்டால் வெதுவெதுப்பாக மட்டும் தெரியும் நிலையில் அதைத் தூவ வேண்டும். துருவிய அன்னாசி, எலுமிச்சைச் சாறு, உலர் திராட்சை ஆகியவற்றைக் கலந்து, மெல்லிய துணியால் வாய்கட்டி இரவு முழுவதும் சமையலறையிலேயே வையுங்கள்.

பானம் பதமாகிவிட்டதை உலர் திராட்சைதான் காட்டிக்கொடுக்கும். முதலில் அடியில் கிடக்கும் திராட்சைகள் ஊறி உப்பும். ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயு அவற்றின் சுருக்கங்களில் ஊசிமுனைக் குமிழிகளாக ஒட்டிக்கொள்ள, ஒவ்வொன்றாக மேலே வரும். மேலே குமிழி உடைந்ததும் சில மீண்டும் மூழ்கி, சற்று நேரத்தில் திரும்ப எழும். பெரும்பாலானவை மேலேயே தங்கிவிட்டால் வடிகட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். டிசம்பர் வெப்பத்தில் இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் போதும். ஜூலைக் குளிரில் இரண்டு நாள்கூட ஆகலாம்.

வடிகட்டியதைப் பழைய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கூல்டிரிங்க் பாட்டில்களைச் சுத்தமாகக் கழுவி, நான்கு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். உள்ளே வாயு தொடர்ந்து பெருகுவதால் அது வெடித்துச் சிதறக்கூடும். பிளாஸ்டிக் பாட்டிலை அவ்வப்போது அழுத்திப் பார்த்து, உள்ளே குழியாத அளவுக்கு விறைத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட்டின் வேகம் குறையுமே தவிர நின்றுவிடாது. ஆகவே நாள்தோறும் மூடியைச் சற்றுத் தளர்த்தி வாயுவை வெளியேற்றி, நான்கைந்து நாளுக்குள் குடித்து முடிப்பது நல்லது.

பழம் பருவத்தைப் பொறுத்து மாறலாம். டிசம்பரில் லிச்சி சேர்த்தால் சர்க்கரையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும். குளிர்காலத்தில் நார்ச்சி எனப்படும் கமலா ஆரஞ்சுப் பழத்தின் தோலை, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி நீக்கி, இஞ்சியோடு கொதிக்க விடலாம்.

ஈஸ்ட் நொதிக்கும்போது சிறிதளவு ஆல்கஹாலும் உண்டாகிறது. நாள் செல்லச் செல்ல அது கூடும். புரட்டாசி விரதமோ தைப்பூசக் காவடி விரதமோ இருப்பவர்கள் வீட்டில் இருந்தால், ஈஸ்ட்டே சேர்க்காமல், இதே இஞ்சிச் சர்க்கரைத் தண்ணீரைப் பாதியாக வற்றக் காய்ச்சி, ஆறிய பின் அன்னாசிச் சாறு கலந்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த சோடாத் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள்.