வீட்டு வேலை முடியப்போகும் நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, அதிலும் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்துகொண்டு வேலை பார்க்கும்போது, இடிப்பும் கட்டுவேலையும் நடக்கிற நாட்களில் எல்லோரும் உஷாராகத்தான் இருக்கிறோம். டைல்ஸ் ஒட்டி, பட்டி பார்த்து, ஃபேன் மாட்டத் தொடங்கியதும் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. "இன்னும் பத்து நாள்தான்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டால், சமையலறை எப்போது திரும்பக் கைக்கு வரும் என்பது மட்டும்தான் மனதில் ஓடும். பின்னால் வருஷக்கணக்கில் தொந்தரவு தரும் பல தவறுகள் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் காரணம் அவசரம்.

அந்த அவசரம் ஒரு தேதியிலிருந்து தொடங்குகிறது. தையில் கல்யாணம், அதற்குள் வீடு தயாராக வேண்டும் என்பார்கள். தையில் முடிய வேண்டுமென்றால் பெயின்ட் கார்த்திகையிலும் மார்கழியிலும் அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து சுவரெல்லாம் ஈரம் குடித்திருக்கிற நேரம் அது. புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும். அதன் பிறகு மூன்று நான்கு வாரம் காய வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகும். ஈரச் சுவரில் பட்டியும் பெயின்டும் ஏறினால், உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் வெளியே வர வழி தேடும். முதலில் உப்புப் பூக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்கச் சுவரில் விட்டுவையுங்கள். காலையில் தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. தேதியை மாற்ற முடியாவிட்டால் பிரைமரோடு நிறுத்திவிட்டு விசேஷத்தை நடத்துங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து எந்த உறவினரும் கோபித்துக்கொண்டு போகமாட்டார்.

தேதி நெருங்கினால் அடுத்து நடப்பது, எல்லா ஆட்களையும் ஒரே நாளில் உள்ளே விடுவது. ஆசாரி ஒரு அறையில் இழைக்கிறார், அடுத்த அறையில் பெயின்டர் கடைசிக் கோட் அடிக்கிறார். மரத்தூள் முழுக்க ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். தூசி கிளப்பும் வேலைகள் முழுசாக முடிந்த பிறகே பெயின்டரை அழைக்க வேண்டும். அப்போதும் கடைசிக் கோட்டை நிறுத்திவைத்து, எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் மாட்டவேண்டியதை மாட்டிவிட்டுப் போன பின் அடித்தால்தான் சுவிட்சைச் சுற்றிக் கைரேகை இல்லாத சுவர் கிடைக்கும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம். சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் பாத்ரூம் பக்கம் போய் நின்று பாருங்கள். கொத்தனார் கரணையைக் கழுவுவார், சித்தாள் பாண்டையும் பக்கெட்டையும் அலசுவார், சாம்பல் நிறத் தண்ணீர் நேராக நானி டிராப்புக்குள், அதாவது தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்குள், இறங்கும். நிறைய தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று நினைப்பார்கள். சிமென்ட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் பொருள். குழாயின் வளைவில் தேங்கி, டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டோடும் மணலோடும் சேர்ந்து கல்லாகிவிடும். அதன் பிறகு ஆசிட்டோ கம்பியோ உதவாது. நேற்று ஒட்டிய டைல்ஸை உடைத்துத்தான் குழாயை மாற்ற வேண்டும். டைல்ஸ் வேலை தொடங்கும் முன்பே எல்லா டிராப்பின் வாயையும் துணி அடைத்து, மேலே பாலிதீன் ஒட்டி மூடச் சொல்லுங்கள். கழுவுவதற்கு வெளியே ஒரு டிரம் வையுங்கள். அடியில் தங்கும் கசடை மறுநாள் கட்டட இடிபாட்டோடு போட்டுவிடலாம்.

ஆசிட் என்றதும் இன்னொன்று. டைல்ஸில் படிந்த சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் வாஷ் செய்து தருகிறேன் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறையைத் தின்னும் ஆசிட் டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமென்ட் கிரவுட்டையும் தின்னும். புதுக் குழாய்களின் பளபளப்பு அதன் புகையிலேயே மங்கிவிடும். மார்பிளும் கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகை. ஆசிட் பட்ட இடம் வெளுத்துச் சொரசொரப்பாகும். மொசைக், ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கிரவுட் போட்ட அன்றே ஈர ஸ்பாஞ்சால் துடைத்திருந்தால் ஆசிட்டுக்குத் தேவையே இருக்காது. இதைவிட முக்கியமானது: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிப் பெண்ணோ இருந்தால் பழைய கதவு, ஜன்னல், கிரில்லின் எனாமல் பெயின்டைச் சுரண்டும் நாளில் அவர்களை வேறு வீட்டில் தங்கவையுங்கள். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, வீடுகளுக்கான பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது. தயாரிப்பாளர்களுக்கு அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. வறட்டு உப்புத்தாளால் தேய்த்தால் அது தூளாகப் பறந்து தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தேய்ப்பவருக்கும் ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பட்டி தேய்க்கும் நாட்களில் ஏசி ஓடவே கூடாது, உள்யூனிட்டைப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிடுங்கள். ஃபிரிட்ஜை மூடுவதானால் அணைத்துவிட்டு மூடுங்கள்.

பாலிஷ் போடும் நாளில் தின்னர் வாசனை தலைவலி தரும் என்பதை எல்லோரும் அறிவார்கள். அது எளிதில் தீப்பற்றும் என்பதை மறந்துவிடுகிறோம். ஹாலில் பாலிஷ் நடக்கும்போது அடுத்த அறையில் கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது. அன்று சாப்பாட்டை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கை மறுநாள் ஏற்றலாம். அந்த இரவு அங்கே படுக்கவும் வேண்டாம்.

திரைச்சீலைக் கம்பி மாட்ட வருபவருக்குச் சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. சுவரை மூடும் முன் எடுத்த போட்டோவை அவரிடம் காட்டிவிட்டு டிரில்லைத் தொட விடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை எலக்ட்ரீஷியன் முன்னாலேயே அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். கீசரில் தண்ணீர் நிரம்பி வெந்நீர்க் குழாயில் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

அப்புறம், கடைசித் தவணை. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது, எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் போய்விட்டால் கான்ட்ராக்டர் மனசு அடுத்த சைட்டுக்குப் போய்விடும். ஆனால் நிறுத்திவைப்பது கான்ட்ராக்டரின் பணமாக மட்டுமே இருக்கட்டும். ஆட்களின் வாரக் கூலி சனிக்கிழமை அவர்கள் கையில் போய்ச் சேர்வதை உறுதி செய்யுங்கள்.

சரிபார்ப்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். காலிப் பானைச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டி, கால் மணி கழித்து எங்கே தேங்கியிருக்கிறது என்று பாருங்கள், வாட்டம் சரியா தவறா என்று தெரிந்துவிடும். மாடி பாத்ரூம் என்றால் டிராப்பை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கீழ் அறையின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கதவுகளைக் கழற்றி மாட்டும்போது அடிவிளிம்பிலும் மேல்விளிம்பிலும் பெயின்டோ பாலிஷோ ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள். ஐப்பசி மழையில் அந்த வழியாகத்தான் மரம் ஈரத்தை இழுத்து உப்பி, கதவு மூடாமல் முரண்டு பிடிக்கும்.

மிச்சமான டைல்ஸ் பெட்டியில் ஒன்றையாவது, அச்சிட்ட பேட்ச் எண்ணோடு, பரணில் ஏற்றிவையுங்கள். பெயின்ட் டப்பா மேலிருக்கும் ஷேட் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.